ஒன்பது பத்துக்கு வரும் சாவி

அந்த மருத்துவமனையில் மருந்து அலமாரி முதல் அறுவைக்கூடக் கதவு வரை எது திறப்பதானாலும் முதலில் எங்கள் கணினி நிரலைக் கேட்க வேண்டும். நானும் அண்ணனும் எழுதியது, வெறும் எழுநூறு வரி. மற்ற நிரல்கள் கோளாறு செய்தால் இது தடுத்துவிடும். இதுவே கோளாறு செய்தால் தடுக்க ஆளில்லை. ‘வாசல்’ என்று பெயர் வைத்தோம்.

வாசலைத் திருத்த எங்கள் இருவர் சாவிக்கு மட்டுமே உரிமை. பென்டிரைவ் போலக் கணினியில் செருகுவதுதான் சாவி. நாங்கள் எலியும் பூனையுமாக வளர்ந்தவர்கள். கோபத்தில் ஒருவரையொருவர் வெளியே தள்ளிவிடக் கூடாதே என்று ஒரு விதி எழுதினோம்: யாரைச் சேர்க்கவும் நீக்கவும் இரண்டு சாவியும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் செத்துப்போனால் என்ன ஆகும் என்று இரண்டு மேதாவிகளுக்கும் தோன்றவில்லை.

அண்ணன் இறந்து இரண்டு வாரம். காலை ஒன்பது பத்துக்கு, அவன் வழக்கமாக வேலைக்கு வரும் நேரத்தில், வாசலின் பதிவேட்டில் ஒரு வரி விழுந்தது. ‘முதல் சாவி: அனுமதி.’ அது அவனுடைய சாவி. மறுநாளும் அதே நேரம், அதே வரி. திருடன் கையில் அது இருந்தால் நோயாளிகளின் கதி என்ன?

மூன்றாம் நாள் அண்ணி வீட்டுக்கு ஓடினேன். அண்ணனின் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். சாவி அதில் செருகியிருந்தது.

“ஒண்ணும் பண்ணல வாலு. செருகினா பச்சை விளக்கு எரியுது, அவர் பேரு வருது. பாத்துட்டு எடுத்துடுவேன்.”

“இது யார் கையிலயாவது கிடைச்சா அவ்வளவுதான் அண்ணி. நீக்கியே ஆகணும்.”

என் சாவியைச் செருகிச் சம்மதித்தேன். அடுத்து திரை அவனிடம் கேட்டது: ‘உங்களை நீக்கச் சம்மதமா?’

“அவர்கிட்ட கேக்குதுடி. நான் எப்படிச் சொல்றது?” அண்ணி அழுதார். என்னைக் கல்நெஞ்சக்காரி என்றார். பிறகு அழுத்தினார். விளக்கு அணைந்தது. அங்கேயே சாவியைச் சுத்தியலால் நொறுக்கி, துண்டுகளை ஓர் உறையில் போட்டு எடுத்துவந்தேன்.

மறுநாள் அந்த உறை என் மேசைமேல் இருந்தது. ஒன்பது பத்து.

‘முதல் சாவி: அனுமதி மறுக்கப்பட்டது.’

உறையைப் பிரித்துப் பார்த்தேன். துண்டுகள் அப்படியே கிடந்தன. ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் அதே வரி. உயிரோடு இருந்தபோதும் அவன் இப்படித்தான், கதவு திறக்காவிட்டால் விடாமல் முயன்றுகொண்டே இருப்பான், கடைசியில் ‘வாலு, திற’ என்று என்னைக் கூப்பிடுவான்.

மூன்றாவது வரியும் விழுந்தது. எனக்குப் பயம் போய்விட்டது, அழுகைதான் வந்தது. அவனைத் திரும்பச் சேர்க்கும் பக்கத்தைத் திறந்து என் சாவியைச் செருகினேன். வாசல் இன்னொரு சாவியின் சம்மதத்தையும் கேட்டது.