பதினொரு நாள் மேடு

"நீங்க சொன்னதுதான் சரி அண்ணா. போன மாசம் எனக்கும் அந்த மேடு வந்திருச்சு."

சகலை தலையைக் குனிந்தபடி இதைச் சொன்னபோது, பல்காரருக்கு அன்றைய சாப்பாடு இரண்டு மடங்கு ருசித்தது. அரை வருடமாக இரண்டு குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. அக்கா தங்கை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டார்கள்.

பல் ஆய்வகத்தில் செயற்கைப் பல்லுக்கு நிறம் பொருத்துவது பல்காரரின் வேலை. வெள்ளை என்று நாம் ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவதை அவர் பதினாறாகப் பிரிப்பார். வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்த பெயின்டர் பாதி வேலையில் ஏணியைக்கூட விட்டுவிட்டு ஓடிப்போனதற்கு அவர்தான் காரணம் என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள். அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான், விண்மீன்களை அளக்கும் ஆர்வலர் குழு ஒன்றில் சேர்ந்தார். லிஃப்ட் மெக்கானிக்கான சகலையையும் இழுத்துவிட்டார்.

குழு அவர்களுக்குக் கொடுத்தது ஒரு சிவப்பு விண்மீன். நூறு நாளுக்கு ஒருமுறை மங்கிப் பிரகாசிக்கும் என்று பெயர். எண்பதிலும் மங்கும், நூற்று இருபதிலும் மங்கும். "நம்ம பிளம்பர் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் மனைவி. தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் படமெடுக்க வேண்டும். பக்கத்தில் மாறாமல் நிற்கும் இன்னொரு விண்மீனோடு ஒப்பிட்டு, எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி என்று குறித்து அனுப்ப வேண்டும். அந்தப் பக்கத்து விண்மீனின் யோக்கியதையை மூன்றாவது ஒன்றை வைத்துச் சரிபார்க்கச் சொல்லியிருந்தார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. சகலை குழு காட்டிய விண்மீனையே வைத்துக்கொண்டார்; பல்காரர் வேறொன்றைத் தானே தேர்ந்தெடுத்தார். சரிபார்ப்பதெல்லாம் கண் சரியில்லாதவர்களுக்கு என்று விட்டுவிட்டார்.

நான்காம் மாதம் அவருடைய வரைபடத்தில் பதினொரு நாளுக்கு ஒருமுறை சின்னதாக ஒரு மேடு எழும்பியது. யாரும் பார்க்காத மேடு! சகலையின் வரைபடத்தில் அது இல்லை.

"மூணு கலர்லயும் ஒரே உயரம் ஏறுதே அண்ணா. சிவப்பு விண்மீன்னா நீலத்துல ஜாஸ்தி ஏறணும், சிவப்புல கம்மியா ஏறணும். எங்கயோ இடிக்குதே" என்றார் சகலை.

"லிஃப்டுதான் தம்பி இடிக்கும்" என்றார் பல்காரர். அன்றைக்குத் தொடங்கிய சண்டைதான். இப்போது சகலையே இறங்கி வந்துவிட்டார். மேடு பல்காரர் பெயரில் குழுவின் ஆண்டறிக்கையில் ஏறப்போகிறது.

செவ்வாய்க்கிழமை ஆய்வகத்துக்குப் பாட்டு டீச்சர் வந்தார். இரண்டு மாதத்துக்கு முன் முன்பல் கட்டிக்கொண்டு போனவர். வந்ததும் வராததுமாக வாயைத் திறந்து காட்டினார்.

"என்ன பல்லு சார் இது? ரெண்டு மாசத்துல மஞ்சளாயிடுச்சு. மேடையில சிரிக்க முடியல."

பல்காரருக்குச் சுருக்கென்றது. மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை எடுத்து வந்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். கட்டிய பல் இம்மியும் மாறவில்லை. மறுபடி பார்த்தார்.

"பக்கத்துப் பல்லை என்ன பண்ணீங்க?"

"அதெல்லாம் போன வாரம் வெள்ளையாக்கிக்கிட்டேனே! உங்க பல்லு மட்டும்தான் அப்படியே நிக்குது."

"அப்படின்னா மாறினது இது இல்லம்மா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். டீச்சர் பேசிக்கொண்டே இருந்தார். பல்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு ஓடினார். பழைய படங்களையெல்லாம் திறந்து, பக்கத்து விண்மீனை மூன்றாவது ஒன்றோடு ஒப்பிட்டார். சாயங்காலத்துக்குள் விஷயம் விளங்கிவிட்டது. மாறாது என்று அவர் நம்பிய பக்கத்து விண்மீன், பதினொரு நாளுக்கு ஒருமுறை, மூன்று நிறத்திலும் சமமாக, ஓசைப்படாமல் மங்கிக்கொண்டிருந்தது. அது மங்கும்போதெல்லாம் சிவப்பு விண்மீன் ஏறியதாக இவர் கணக்கெழுதியிருந்தார். பாவம், அது தன் பாட்டுக்கு இருந்திருக்கிறது.

அவமானம் ஒரு பக்கம் கிடக்கட்டும். சரியாகச் சொன்ன மனுஷனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து இந்தப் பாடு படுத்தினோமே என்று நினைத்தபோதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. இல்லாத மேடு சகலைக்கு எப்படி வந்தது?

இருட்டுகிற நேரத்தில் சகலையின் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். சகலை தொலைநோக்கியின் திருகை முடுக்குவதை நிறுத்தவில்லை. முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. பதினாறில் எந்த வெள்ளை என்று பல்காரரால் சொல்லிவிட முடியும்.

"அண்ணா, நான் மேட்டையெல்லாம் பார்க்கல. நானாத்தான் போட்டேன்."

"போட்டியா?"

"இவதான், 'அவர் சொன்னதையே நீங்களும் எழுதித் தொலைங்க, எனக்கு எங்க அக்கா வேணும்'னு அழுதா. உங்க மேட்டைப் பார்த்து அப்படியே எழுதி அனுப்பிட்டேன். மழை கொட்டின அன்னிக்குக்கூட அளவு அனுப்பியிருக்கேன் அண்ணா. மூணு கலர்லயும்."

பல்காரர் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். கோபப்படத்தான் நினைத்தார். ஆனால் கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு நீலக் கண்ணாடி மாட்டும் சகலை கண்முன் வந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிப்பதைப் பார்த்துச் சகலையும் சிரித்தார். கீழேயிருந்து, "மேல என்ன சத்தம்? மறுபடியும் ஆரம்பிச்சாச்சா?" என்று சகலையின் மனைவி கத்தினாள்.

"ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்கு எழுதிடணும் தம்பி."

"எழுதிடலாம். உங்க தப்பை முதல்ல எழுதுங்க. அது நேர்மையான தப்பு."

"உன்னோடதைப் பார்த்தா என்னோடது சின்னதாத் தெரியும். உன்னோடது முதல்ல போகட்டும்."

மொபைலில் 'அன்புள்ள அம்மாவுக்கு' என்பதற்கு மேல் கடிதம் நகரவில்லை. அதற்குள் மேகம் விலகியது. சகலை சட்டென்று எழுந்து நீலக் கண்ணாடியைத் திருப்பினார். இருவரும் தலையோடு தலை முட்ட மடிக்கணினித் திரையில் குனிந்தார்கள். நடுவில் சிவப்பு விண்மீன் நீலத்தில் சோகையாகத் தெரிந்தது. அதை ஒட்டி, ஒன்றும் அறியாத பிள்ளைபோல, பளிச்சென்று நின்றது பக்கத்து விண்மீன்.