சேனைத் தண்ணீர்

டாக்டரம்மா இந்தியில் கேட்டதைத் தமிழில் சொல்லாமல் வீராயி நின்றாள்.

"என்ன மதினி கேக்குறாங்க?" என்றாள் பிரபா. பிள்ளை பிறந்து பதிமூன்று நாள்; காய்ச்சல் வந்து மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அறுத்துத் தைத்த வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு நர்சரிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். வீராயியின் தம்பி தீனாவைக் கட்டிக்கொண்டு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து டெல்லிக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. காய்கறிக்காரனிடம் விலை கேட்கும் அளவுக்குத்தான் இந்தி தெரியும். மற்றதெல்லாம் நாத்தனார் வாய் வழியாகத்தான் அவளுக்கு வந்து சேரும்.

டாக்டரம்மா சொன்னது இவ்வளவுதான். பரிசோதனை முடிவு வந்துவிட்டது, இது ஒரு வைரஸ் கிருமி. பெரியவர்களுக்கு வந்தால் உதட்டில் நாலு கொப்புளம் போட்டுவிட்டுப் போய்விடும். பச்சைப்பிள்ளைக்கு வந்தால் ஈரலையும் மூளையையும் பிடித்துவிடும். சந்தேகப்பட்ட அன்றைக்கே மருந்து ஏற்ற ஆரம்பித்தாயிற்று, ஆனாலும் கைமீறிப் போகிறது. எழுதி வைப்பதற்காகத்தான் கேட்கிறேன்: வீட்டில் யாருக்காவது வாயில் கொப்புளம் இருந்ததா? யாராவது குழந்தைக்கு முத்தம் கொடுத்தார்களா, வாயில் விரல் வைத்தார்களா?

"நஹி ஜி", இல்லைங்க என்று வீராயி பட்டென்று சொல்லியிருந்தாள். யோசித்துச் சொல்லும்மா என்று டாக்டரம்மா இன்னொரு தடவை கேட்டபோதும் அதையே சொன்னாள். மறந்துபோய்ச் சொல்லவில்லை. நன்றாக ஞாபகம் வந்துவிட்டதால்தான் அப்படிச் சொன்னாள்.

"முடிஞ்ச வரைக்கும் பாக்குறோம்ன்டு சொல்றாங்க தாயி" என்றாள் பிரபாவிடம்.

பதினொரு மணிக்குப் பிள்ளை போய்விட்டது.

துணியில் சுற்றிக் கொடுத்ததைத் தீனா வாங்கிக்கொண்டான். பெயின்டிங் வேலைக்குப் போகிறவன், சுவரில் ஏறி இறங்கிப் பழகிய கை. அந்தக் கைக்கு ஒரு பிள்ளையை எப்படிப் பிடிப்பதென்று இன்னும் பிடிபடவில்லை. கழுத்தடியில் கை கொடுத்துப் பிடித்தான். இப்போது எப்படிப் பிடித்தால்தான் என்ன என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை, புதைக்கத்தான் வேண்டும். கூட வேலை செய்கிற இரண்டு பேரோடு அவன் அப்படியே போனான். வீராயி பிரபாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ஜூன் மாத வெயில். ஆட்டோ சீட்டு சுட்டது. பிரபா அழவில்லை. "பேரு கூட வைக்கலயே மதினி" என்று மட்டும் சொன்னாள்.

பேர் வைக்கவில்லை. ஆனால் சேனை வைத்திருந்தார்கள். பிறந்த நாலாம் நாள், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கே பிள்ளையின் நாக்கில் சீனித் தண்ணீரைத் தொட்டு வைத்தார்கள். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பதால், சேனை வைக்க ஆள் தேடுவது மாப்பிள்ளை தேடுவது மாதிரி. அவர்கள் குடியிருக்கும் குடிசைப் பகுதியில் இருக்கிற முப்பது தமிழ் வீட்டுக்கும் ஒரே ஆள்தான். லோதி ரோட்டில் ஆறு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற வீராயி. சண்டைக்குப் போகமாட்டாள், கோள் சொல்லமாட்டாள், பொய் பேசமாட்டாள். இருபது வருஷத்தில் எத்தனை பிள்ளைக்கு வைத்திருப்பாளோ, அவளுக்கே தெரியாது. சொந்தமாக ஒன்று வாய்க்காதவளுக்கு அதில் பெருமை உண்டு. தம்பி பிள்ளைக்கும் அவள்தான் வைத்தாள்.

வீட்டில் பக்கத்து வீட்டுக் கோமளாவும் இன்னும் நாலைந்து பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். கோமளா கெட்டவள் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது.

"கூலரு காத்துல பச்சப்புள்ளையப் போடலாமா? அது குளுந்துபோயி நெஞ்சுல எறங்கீருச்சு. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எங்க தெரியுது" என்றாள்.

"நாந்தான் போட்டேன்" என்றாள் பிரபா. "வெக்கையா இருக்கேன்டு நாந்தான் நேராப் போட்டேன்."

மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இல்லை என்று ஒருத்தியும் சொல்லவில்லை. தான் வாய் திறக்காவிட்டால் பழி இப்படியே பிரபா மேல் நிலைத்துவிடும் என்று வீராயிக்குத் தெரிந்தது. இன்றைக்குக் கோமளா சொல்வாள், நாளைக்கு ஊரிலிருந்து போனில் சொல்வார்கள், அப்புறம் தீனா ஒரு கோபத்தில் சொல்வான். இருபது வயசுப் பெண் சாகிற வரைக்கும் அந்தக் கூலரைத் தூக்கிச் சுமப்பாள்.

பிரபாவின் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்துகொண்டிருந்தது. கோமளாதான் முதலில் பார்த்தாள்.

"பால் கட்டிக்கிட்டா காச்ச வந்துரும் வீராயி. மல்லியப்பூவ வச்சுக் கட்டிவிடு, பால் வத்திரும். ஜல்தி போயி வாங்கிட்டு வா."

கோயில் வாசலில் பூ விற்கிறவனிடம் வீராயி உதிரிப்பூ கேட்டாள். பூஜைக்கா என்று இந்தியில் கேட்டான். இல்லை என்றாள். பிறகு எதற்கு என்று அவன் கேட்கவில்லை, இரண்டு கை அள்ளிக் கூடுதலாகவே போட்டான்.

திரும்பி வந்து பெண்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பிரபா சுவர்ப்பக்கம் திரும்பி ரவிக்கையைக் கழற்றினாள். மார்பு கல்லாக இறுகி நரம்பு பச்சையாகத் தெரிந்தது. பழைய வேட்டித் துணியில் பூவைப் பரப்பி முன்பக்கம் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள் வீராயி. இரண்டு முனையையும் பின்னால் இழுத்தாள். முகம் பார்க்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

"கூலரு இல்ல பிரபா."

"என்ன மதினி?"

"சேனை வச்ச அன்னைக்கு எனக்கு மேலுதட்டுல கொப்புளம் இருந்துச்சு. சூட்டுக் கொப்புளம்ன்டு விட்டுட்டேன். இனிப்புப் போதுமான்டு வெரல வாயில வச்சுப் பாத்துட்டு, அதே வெரலத்தான் புள்ள வாயில வச்சேன். டாக்டரம்மா காலையில கேட்டது அதத்தான். நான் இல்லன்டு சொல்லிட்டேன்."

வெளியே குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. புதைத்துவிட்டு வந்த தீனா குளித்துக்கொண்டிருந்தான்.

"விடுங்க" என்றாள் பிரபா.

வீராயி விட்டாள். பிரபா துணியைப் பிடுங்கி, கையைப் பின்னால் வளைத்துத் தானே முடிச்சுப் போடப் பார்த்தாள். தையல் இழுத்தது. ஒரு முனை நழுவிப் பூ காலடியில் கொட்டியது. குனியவும் முடியாமல், திரும்பவும் மனமில்லாமல் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றாள். வீராயி மண்டியிட்டுக் கொட்டிய பூவையெல்லாம் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, துண்டு கொண்டா" என்று வெளியே தீனா கூப்பிட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. அவன் இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டான்.

வெகுநேரம் கழித்து, பிரபா திரும்பாமலேயே துணியின் இரண்டு முனைகளையும் பின்பக்கமாக நீட்டினாள்.