சேரனின் வலது கை

சேரன் டீ கிளாஸை இடது கையால் வாங்கினான். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. அவன் எறியும் பந்தைப் பல வருஷமாகப் பிடிக்கிறவன் நான். எந்தக் கையால் எதைச் செய்வான் என்று அவன் பெண்டாட்டியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னாடா, கை முட்டி வலிக்குதா?"

"வலிலாம் இல்ல மச்சி. விடியகாலைல சார் இட்டுக்கினு போய் ஊசி போட்டாரு. இப்போ கையே இல்லாத மாதிரி கீது" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரமே நான் எங்கள் கோச் சித்தார்த்தன் சாரிடம் படித்துப் படித்துச் சொன்னேன், அவனுக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுங்கள், பந்து கைக்கு வரும் சத்தமே மாறிவிட்டது என்று. "அவனோட நல்லதுக்குத்தான் ஆதில் நான் ஓடிக்கிட்டு இருக்கேன்" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. வெளிநாட்டு அணியோடு சேரனுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானால் அவருக்கும் அதில் பங்கு உண்டு என்பது மைதானத்துக் காக்காய்க்கும் தெரியும்.

சேரன் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரன். முதலில் கிரிக்கெட்டில்தான் வேகப்பந்து போட்டான். கை மடங்குகிறது, எறிகிறான், எறிகிறான் என்று சொல்லியே லீக்கிலிருந்து துரத்தினார்கள். "எறியறவன்தான்டா எனக்கு வேணும்" என்று சார் பேஸ்பாலுக்குக் கூட்டி வந்தார். பேஸ்பாலில் அவன் எறிகிறவன், பிட்சர். நான் எதிர்முனையில், தரையில் பதித்த ப்ளேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிக்கிறவன். தி.நகரில் நான் வேலை பார்க்கும் செருப்புக்கடை முதலாளி இன்றைக்கும் இதைக் கிட்டிப்புள் வகை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் சேரனை வளைகுடாவில் ஒரு அணி சம்பளம் கொடுத்து ஒரு சீசன் ஆடக் கூப்பிட்டுக்கொண்டது. அவன் அம்மா ஆரோக்கியமேரி, மீன் கூடையை இறக்கி வைத்த இடமெல்லாம், "எம்புள்ள கல்லு வுட்டே ஃப்ளைட் ஏறிட்டான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

இப்போது அந்த அணியின் ஆள் வேகம் அளக்கும் கருவியோடு வந்திருந்தான். மணிக்கு நூற்று நாற்பது கிலோமீட்டரைத் தொட்டால் இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தம். தொடாவிட்டால் இத்தோடு சரி. வேளச்சேரி ரயில் பாலத்தை ஒட்டிய கல்லூரி மைதானத்தில், காலை வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்தார்கள்.

நான் குந்தி, தொடைகளுக்கு நடுவே கையைத் தாழ்த்தி ஒரு விரல் காட்டினேன். ஒரு விரல் என்றால் முழு வேகம், இரண்டு என்றால் மெதுவாக வளைந்து வருவது. பிடிக்கவில்லை என்றால் பிட்சர் தலையை ஆட்டுவான், நான் மாற்றிக் காட்டுவேன். நானும் சேரனும் வாய்ப்பேச்சைவிட இந்தப் பேச்சைத்தான் அதிகம் பேசியிருக்கிறோம்.

முதல் சில பந்துகள் நூற்று முப்பத்தெட்டு வரை வந்தன. அடுத்தது என் தலைக்கு மேலே பறந்து கம்பி வேலியில் போய் அடித்தது. சேரன் அப்படி எறிகிறவனே இல்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் எழுந்து அவனிடம் போய், பேசுகிற சாக்கில் அவனுடைய வலது சுண்டுவிரலைப் பிடித்து நசுக்கினேன். அவன் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"தெரியுதா?"

"இன்னாது?"

"உன் வெரல நசுக்கிக்கினு கீறேன்டா."

குனிந்து பார்த்தான். "ஊசிதான் மச்சி. நீ போ. ஒரு வெரலு காட்டு."

"முட்டிக்குப் போட்ட ஊசி வெரலுக்கா வரும்? நரம்பு போய்க்கினு கீதுடா, கேனயா."

"அந்தாளு இன்னிக்கு நைட்டு கெளம்பிடுவான் ஆதிலு. போ."

சார் கைதட்டிக் கத்தினார். "ஆதில், உன் வேலை பந்தைப் பிடிக்கிறது. டாக்டர் வேலை பார்க்காதே!"

திரும்பிப் போய்க் குந்தினேன். முகத்தை மறைக்கும் கம்பி மாஸ்க்குக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு விரல் காட்டினேன். சேரன் தலையை ஆட்டினான். மறுபடியும் இரண்டு. மறுபடியும் ஆட்டினான். மூன்றாவது முறை நான் கையை மூடிக்கொண்டேன். அப்படி ஒரு சைகை எங்களுக்குள் கிடையாது. அவன் புருவத்தைச் சுருக்கினான். மாஸ்க்கைக் கழற்றினேன். க்ளவுஸைக் கழற்றி ப்ளேட்டின் மேல் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அந்த வேகத்தைப் பிடிக்க இங்கே வேறு ஆள் இல்லை. அது எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும்.

சார் என் அம்மாவைச் சேர்த்துத் திட்டினார். அவர் திட்டு எனக்கு உறைக்கவில்லை. சேரன் பிட்சர் நிற்கும் மண்மேட்டிலிருந்து இறங்கி வந்தான். அவன் கண்ணில் அப்படி ஒரு வெறியை நான் பார்த்ததில்லை.

"க்ளவுஸ் மாட்டுடா!"

"மாட்ட மாட்டேன்."

"என் கைடா இது. உங்கொப்பன் வூட்டுக் கையா?"

"பந்தக் குடு சேரா. வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நாளைக்கு நீ கடைக்குப் போய் செருப்பு எட்த்துப் போடுவ. நான் இன்னாடா பண்ணுவேன்? சொல்லு, இன்னா பண்ணுவேன்?"

அவன்மேல் கோபம், ஊசி போட்டவன்மேல் கோபம், எறியாதே என்று துரத்தியவர்கள்மேலும் எறி எறி என்று பிழிந்தவர்மேலும் கோபம். பந்துக்காகக் கையை நீட்டினேன். வேலிப் பக்கம் அந்த வெளிநாட்டு ஆள் கருவியைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். சார் அவன் பின்னாலேயே ஓடினார்.

சேரன் அதைப் பார்த்தான். "இந்தா, நீயே வெச்சிக்கோ" என்று பந்தை என் நெஞ்சில் வீச வலது கையை நீட்டி உதறினான். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் விரிந்தன. மற்ற இரண்டும் மடங்கியபடியே இருந்தன. பந்து விழவில்லை. மறுபடியும் உதறினான். பாலத்தின் மேல் ரயில் போகிற சத்தத்தில் அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை.

பிறகு இடது கையைக் கொண்டுவந்து, தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தான்.