இரண்டு கப் டீ

ரோபோ போட்டியில் அணியின் வழிகாட்டி இயந்திரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் அணி வெளியே. வழிகாட்டியான அவளுக்கோ கை சும்மா இருக்காது. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவள் வேலை. ஆடுகிற திருகைக் கண்டால் விரல் தானாக நீளும். அதற்குப் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். பயிற்சி தொடங்கியதும் அவளுடைய இரண்டு கையிலும் தளும்பத் தளும்ப டீ கப் வந்துவிடும். அப்படியும் கை அசைந்தால் எல்லோரும் சேர்ந்து "கை!" என்று கத்துவார்கள்.

அணியின் கேப்டன் அவளுடைய அக்கா மகள். வீட்டில் 'சித்தி', இங்கே 'மிஸ்'.

இறுதிச் சுற்றுக்கு முன் ரோபோவைச் சரிபார்க்க நேரம் கொடுத்தார்கள். வழிகாட்டிகள் தாண்டக்கூடாத மஞ்சள் கோட்டுக்கு வெளியே அவள் கப்புகளோடு நின்றாள்.

"மிஸ், குடிச்சிடாதீங்க. ஒரு கை ஃப்ரீ ஆயிடும்," என்றான் ரோபோவை ஓட்டுகிற பையன்.

"ஆறின டீயை யாருடா குடிப்பா?"

சிரித்துக்கொண்டே திரும்பியவள் ரோபோவின் பேட்டரியைப் பார்த்தாள். பல்வலிக்காரனின் கன்னம்போல் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. இப்படி வீங்கிய ஒன்று தீப்பிடித்ததை அவள் வேலையிடத்தில் கண்டிருக்கிறாள். கேப்டனின் முகம் அதற்கு நேர் மேலே குனிந்திருந்தது.

"தள்ளுடி!"

கப்புகள் தரையில் உருண்டன. "கை!" என்று பழக்கதோஷத்தில் எல்லோரும் கத்தினார்கள். அதற்குள் அவள் பேட்டரியைப் பிடுங்கி, சுவரோரத்து மணல் வாளியில் புதைத்துவிட்டிருந்தாள்.

நடுவர் கையுறை போட்டு வெளியே எடுத்தார். கறுப்பு டேப்பை உரித்தார். உள்ளே பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுத் துண்டு. அதற்கடியில் பேட்டரி நன்றாகத்தான் இருந்தது.

"கடகடன்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு மிஸ்," என்றான் ஓட்டுகிற பையன். "அதான் வச்சு சுத்தினோம். எல்லாத்துக்கும் என்னைக் கேக்காதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நடுவர் தலையைச் சொறிந்தார். "உங்க இடத்துல நானா இருந்தாலும் எடுத்திருப்பேம்மா. ஆனா ரூல்ல அதுக்கு இடமில்ல."

அணி வெளியே.

வேறு யாரோ ஆடும் இறுதிச் சுற்றின் ஆரவாரம் கேட்டுக்கொண்டிருந்தது. மாடிப்படியில் ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு கேப்டன் உட்கார்ந்திருந்தாள். அவள் போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். ஆனால் மனசு வேறொன்றைக் குடைந்துகொண்டிருந்தது. முதலில் வந்தது பயமா, கையா? இத்தனை மாதம் கட்டிப்போட்ட கை, கிடைத்த சாக்கைப் பிடித்துக்கொண்டதோ? பேட்டரியைத் தொட்டபோது உள்ளங்கையில் ஒரு நிம்மதிகூட இருந்த மாதிரி ஞாபகம். அது எதன் நிம்மதி?

"மறுபடி அதே மாதிரி பாத்தா என்ன பண்ணுவீங்க?" கேப்டன் நிமிராமலே கேட்டாள்.

"எடுப்பேன்."

"ஸ்பாஞ்சா இருந்தாலும்?"

"அது ஸ்பாஞ்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஒண்ணு எனக்கே புரியல. பயந்து தொட்டேனா, தொடணும்னு ஆசைப்பட்டுத் தொட்டேனா?"

கேப்டன் இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் போகவில்லை, ஆனால் கேள்வி அவளையும் பிடித்துக்கொண்டது. ரோபோவைச் சாய்த்துக் காட்டினாள். பேட்டரி இருந்த பள்ளத்தின் ஓரத்தில் ஒரு ஒயர் கழன்று தொங்கியது.

"இது அப்பவே கழண்டிருந்துச்சு. நீங்க பாத்தீங்க. நீங்க அதைப் பாத்ததையும் நான் பாத்தேன்."

"ஆமா."

"பேட்டரிய எடுத்தீங்க. இதைத் தொடல. தொட்டிருந்தா நல்லா திட்டலாம்னு இருந்தேன்."

அவள் தன் கையைப் பார்த்தாள். காய்ந்த டீக்கறைமேல் மணல் ஒட்டியிருந்தது. அந்த ஒயரைச் செருக ஒரு நொடி போதும். இப்போதும் விரல் துறுதுறுத்தது.

"கை," என்றாள் கேப்டன் மெதுவாக. தன் தண்ணீர் பாட்டிலை அவளுடைய ஒரு கையிலும், திருப்புளியை மறு கையிலும் திணித்தாள். "பிடிங்க சித்தி. நான் பாத்துக்கறேன்."