பெருவிரல் ஒட்டு

தெப்பம் கரையை விட்டு நகர்ந்ததுமே அப்துல் லத்தீப் பலகையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். நீச்சல் தெரியாத மனுசன் கண்மாய்க்குள் இறங்கலாமா? காளவாசலில் பஞ்சர் கடை போட்டு இருபது வருசம். தண்ணீரோடு அவருக்கு உள்ள உறவெல்லாம் ட்யூபை முக்கிப் பார்க்கும் தொட்டியோடு சரி. ஆனால் டைபாய்டு விட்ட பிறகும் எதுவும் இறங்காமல் கஞ்சியோடு கிடந்த மனைவி நஜ்முன்னிசா, இன்று காலையில்தான் வாய் திறந்து கேட்டிருந்தாள். "சிலேபி மீன் ஆணம் வச்சா ரெண்டு வாய் சாப்பிடுவேன்." மார்க்கெட்டில் வாங்கி வந்த ஐஸ் மீனை வாடைக்கே தள்ளிவிட்டாள். லத்தீப் டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்துக்கொண்டு, கண்மாயில் தூண்டில் போடும் ராமக்காளிடம் ஓடிவந்துவிட்டார்.

ராமக்காளுக்குத் துடுப்பு கிடையாது. இரண்டு லாரி ட்யூப், மேலே ஒரு பலகை, அவ்வளவுதான் தெப்பம். மேற்கேயிருந்து வீசும் மேகாத்து அதை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குத் தானே தள்ளிக்கொண்டு போகும். போகிற போக்கில் மீனை எடுப்பாள். காற்று கூடினால் தெப்பம் பறக்கும், பாரத்துக்கு ஆள் வேண்டும். இன்றைக்கு லத்தீப்தான் பாரம்.

"அசையாம இருங்கண்ணே. காத்து அடங்கப் போகுது, இந்த ஒரு ஓட்டந்தான்" என்றாள்.

என்ன பொம்பளை இவள்! தூண்டில் நரம்பான தங்கூசியை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு, இடது காலை மட்டும் தண்ணீரில் விட்டுத் தெப்பத்தைத் திருப்பினாள். சத்தமே இல்லை. விரல் லேசாகச் சுண்டியது. உள்ளங்கை அகலச் சிலேபி ஒன்று பலகையில் வந்து துள்ளியது. லத்தீப் பயத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவர் தொடைக்குக் கீழே ட்யூபிலிருந்து குமிழி வந்தது. போன மாதம் அவரே போட்ட ஒட்டு. லத்தீப் பாய் ஒட்டினால் ட்யூப் கிழிந்தாலும் ஒட்டு பிரியாது என்று ஊரெல்லாம் பேர். மானம் போச்சே என்றிருந்தது. சொன்னால் இவள் காலடித்துக் கரைக்குத் திருப்புவாள், மீன் கலைந்துவிடும், வீட்டில் மறுபடியும் கஞ்சிதான். மெதுவாகத் தண்ணீருக்குள் கையை விட்டுப் பெருவிரலை ஒட்டின்மேல் அமுக்கினார். தோள் கடுத்தது. பலகை அவர் பக்கம் சாய்ந்து கைலி நனைந்தது. வாய்க்குள் ஓதிக்கொண்டே, விரலை மட்டும் எடுக்கவில்லை.

பையில் ஏழு மீன் சேர்ந்தபோது கிழக்குக் கரை தட்டியது.

"இப்ப எடுங்கண்ணே விரல" என்றாள் ராமக்காள், திரும்பிப் பார்க்காமலே.

"பாத்துட்டியாத்தா?"

"நடுக்கண்மாயிலயே பாத்துட்டேன். கேட்டா பதறி எந்திரிச்சிருப்பீக. மீனும் போயிருக்கும், நாமளும் போயிருப்போம்." பையை அவரிடம் நீட்டினாள். "அம்புட்டு நேரம் விடாமப் பிடிச்சீகளே, எனக்கே ஆச்சரியமாப் போச்சு. மதினிக்குப் புளி கம்மியாப் போடுங்க."

லத்தீப் விரலை எடுத்தார். ட்யூப் புஸ்ஸென்று அடங்கியது. வண்டி மேற்குக் கரையில் அல்லவா நிற்கிறது என்பது அப்போதுதான் நினைவு வந்தது. ஈரக் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கண்மாய்க்கரை வழியே ஓட்டமும் நடையுமாகப் போனார். பைக்குள் மீன்கள் இன்னும் துடித்தன. ஊறி வெளுத்த அந்தப் பெருவிரல், எதையோ அமுக்கிப் பிடித்தபடியே மடங்கி இருந்தது.