ஆன்ஷெல் குர்விட்ஸ் மாற்றிக்கொண்ட பரிசு

டுலூத் நகரில் குர்விட்ஸ் கடையைத் தெரியாதவர் என்றால், அன்றைக்குத்தான் ரயிலை விட்டு இறங்கியவராக இருக்க வேண்டும். ஆறு மாடிக் கடை. அதை எழுப்பிய ஆன்ஷெல் குர்விட்ஸ் எழுபது வயதிலும், யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமை தவிர, ஒரு நாளும் கடைக்கு வராமல் இருந்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் மூன்று நாளாக அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

காரணம் அவருடைய மகள் டோரா. கடையை இப்போது நடத்துகிறவளும் அவள்தான். குடும்பத்தின் செலவில் ஏரிக்கரை மேட்டில் குழந்தைகளுக்கென்று ஒரு மருத்துவமனை கட்டி முடித்திருந்தாள். அப்பாவுக்குத் தெரியாமல், வாசற்கல்லில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் செதுக்கவும் சொல்லிவிட்டாள். திறப்பு விழாவில் திரையை விலக்கியதும் அவர் முகம் எப்படி மலரும் என்று ஒரு மாதமாக நினைத்து நினைத்துப் பூரித்துக் கிடந்தாள். விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கையில் பாழாய்ப்போன ஏரிக்காற்று திரையைப் பிடுங்கி எறிந்தது. அந்த நேரம் பார்த்தா அவர் கார் அந்த வழியாகப் போக வேண்டும்!

அன்று மாலை டோரா வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா கிட்டல் பிடித்துக்கொண்டாள்.

“உசிரோட இருக்கிற மனுஷன் பேர எவளாவது வைப்பாளாடி? நம்மள்ல செத்தவங்க பேரத்தான வைக்கிறது? உனக்கு வச்சதே செத்துப்போன உன் அத்தை பேருதான்!”

“அது குழந்தைக்குத்தானேம்மா? கட்டடத்துக்குமா?”

“பேருன்னா பேருதான். மரணதூதன் வந்து கல்லப் படிப்பான். ‘இவனுக்குத்தான் கல்லு வச்சாச்சே, இன்னும் எதுக்கு வீட்ல உக்காந்து சூப் குடிக்கிறான்’னு கேப்பான். நீயா பதில் சொல்லுவ?”

“சரிம்மா, நாளைக்கே அழிச்சிடச் சொல்றேன்.”

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அப்பா கத்தினார். “என் பேர அழிக்கிறியா? அது பகையாளிக்கு விடுற சாபம்டி! இருந்தாலும் தப்பு, அழிச்சாலும் தப்பு. நான் அந்த வாசலையே மிதிக்கப் போறதில்ல!”

டோரா இந்த ஊர்ப் பள்ளியில் படித்து, இந்த ஊர்க்காரர்கள் மாதிரியே யோசித்துப் பழகியவள். பெரிய மனிதர்கள் பெயரெல்லாம் கல்லில் இருக்கிறதே, அப்பா பெயர் இருந்தால் என்ன என்றுதான் நினைத்தாள். அவர் இல்லாத விழா அவளுக்கு எதற்கு?

வெள்ளிக்கிழமை காலை, சாமான் திருப்பி வாங்கும் பகுதியில் வேலை பார்க்கும் சோல்வே மூச்சிரைக்க ஓடி வந்தாள். “அம்மா, பெரியவர் வரிசைல நிக்கிறாரு!”

டோரா விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள். ஒற்றைச் செருப்போடு நின்ற ஒரு அம்மாளுக்குப் பின்னால், சுருட்டிய காகிதம் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். முன்னால் போகச் சொன்னவர்களிடம், “என் முறை வரட்டும்” என்று முறைத்தார்.

முறை வந்தது. காகிதத்தை விரித்தார். கல்தச்சனிடம் வாங்கி வந்த, அவர் பெயரின் முழு அளவு வரைபடம்.

“எனக்கு ஒரு பரிசு வந்திருக்கு. அளவு சரியில்ல. மாத்திக்கணும்.”

சோல்வே திருதிருவென்று முழித்தாள். “ரசீது இருக்குங்களா ஐயா?”

“நம்ம கடையில எவன்மா ரசீது கேட்டான்? எப்படி வாங்கினாங்களோ அப்படியே முழுசா கொண்டுவந்தா, பேசாம மாத்திக் குடுக்கணும். நான் போட்ட சட்டம்.” டோராவின் பக்கம் திரும்பினார். “கல்ல அழிக்காத. முழுசா கழட்டிக் கிடங்குல வை. என்னைக்காவது தேவைப்படும். அவசரமில்ல!”

வரிசையே கொல்லென்று சிரித்தது. டோராவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. அப்பாவின் கோபம் போய்விட்டது. அது போதும் அவளுக்கு.

“அதுக்குப் பதிலா என்னப்பா வேணும்?”

“கரின் ஹாக்லண்டுன்னு எழுது. என் மொத வாடிக்கை. சாமான் விக்க, முதுகுல மூட்டையோட பனியில அவ வாசல்ல போய் நின்னேன். பாஷை தெரியாது. தேவையே இல்லாம ரெண்டு ஊசி வாங்கினா. நம்ம ஆசாரப்படி அவங்க பாத்திரத்துல சமைச்சத நான் சாப்பிடமாட்டேன்னு புரிஞ்சதும், எனக்குன்னே புதுசா ஒரு சட்டி வாங்கித் தனியா ஆணியில மாட்டி வச்சா. ஆறு குளிர்காலம் அதுல முட்டை அவிச்சுக் குடுத்தா. அவ பிள்ளைங்க ரெண்டு பேரத் தொண்டைக் காய்ச்சல் கொண்டுபோச்சு. டாக்டர் நாப்பது மைலுக்கு அந்தப் பக்கம். அவளும் போய் இருபது வருஷம் ஆச்சு.”

கல்தச்சன் இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு புதுக் கல்லை முடித்துக் கொடுத்தான்.

விழாவன்று ஊரே திரண்டிருந்தது. கரினின் தப்பிப் பிழைத்த மகன் நீல்ஸ், ஆறடிக் குடியானவன், கல்லைப் பார்த்துக் குழந்தை மாதிரி விம்மினான். உள்ளே அப்பா ஒவ்வொரு கட்டிலாக அழுத்திப் பார்த்து, மெத்தையில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

நீல்ஸ் மூக்கைச் சிந்திக்கொண்டு டோராவிடம் கேட்டான். “பணம் உங்களோடது, உழைப்பு உங்களோடது. உங்கப்பா பேரு ஒரு மூலையில கூட இல்லையேம்மா?”

இரண்டு வாரத்துக்கு முன்னால் யாராவது இதைக் கேட்டிருந்தால் அவள் கூனிக் குறுகிப் போயிருப்பாள். இப்போது மனம் நிறைந்து வழிய, உரக்கவே சொன்னாள்.

“எங்கப்பாதான் உசிரோட இருக்காரே!”