இத்தா அறையில் பறந்தது

அலவத்துகொட வாழ் பெருமக்களுக்கும், அவர்களைச் சுற்றிப் பறக்கும் சகல ஜீவன்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மர்ஹூம் லாபிர் அவர்களின் வீட்டுச் சுவரில் அண்மையில் தோன்றிய பெயர் தெரியாத பூச்சியானது, தக்க பரீட்சைக்கு உட்படுத்தப்பட்டு, கடிக்காத ஜாதி என நிரூபிக்கப்பட்டுள்ளது. இதைச் சந்தேகிப்போர் அறிவையே சந்தேகிப்போராவர். ஒப்பம், எம். தாஸிம், பூச்சி ஆராய்ச்சியாளர்.

1934 நவம்பர் நடுவில் இது பள்ளிவாசல் கதவில் ஒட்டப்பட்டது. வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசித்தார்கள். தெரியாதவர்களுக்குத் தாஸிம் மாஸ்டரே பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டினார். தெரிந்தவர்களுக்கும் காட்டினார்.

மாஸ்டர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்தவர் அல்லர். பேராதனைப் பக்கம் வண்ணத்துப்பூச்சி பிடித்த ஒரு துரைக்குப் பின்னால் பதினொரு வருடம் வலை தூக்கியவர். துரை சீமைக்குக் கப்பலேறும்போது ஒரு பூதக்கண்ணாடியை விட்டுப் போனார். வேண்டுமென்று கொடுத்தாரா, மறந்து போனாரா என்பது தெரியாது. அன்றிலிருந்து ஊரில் சிறகுள்ள எதுவும் மாஸ்டரின் அனுமதியில்லாமல் பறந்ததில்லை.

அந்த வருடம் மழை பொய்த்துப் பிங்கா ஓயா ஆறு குட்டை குட்டையாய் நின்றது. ஒக்டோபர் கடைசியில் புடவை வியாபாரி லாபிர் குளிர் காய்ச்சலில் மவுத்தானார். மனைவி கைரியா இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்த வீட்டை விட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டிய காலம் அது. கூட இருந்தவர்கள் இருவர்: ஏழு மாதக் கைக்குழந்தை பஹ்மி, லாபிரின் தங்கை ஹபீலா.

லாபிர் போன மூன்றாம் வாரம் அந்த அறைச் சுவரில் பூச்சிகள் வந்து உட்கார்ந்தன. நுளம்பு, அதாவது கொசு, என்றால் எல்லோருக்கும் தெரியும், கூனிக்கொண்டு உட்காரும். இவை தலையைச் சுவரில் ஊன்றி, வாலைத் தூக்கி, யாரோ அடித்த ஆணிகளைப் போல் சரிந்து நின்றன. பகலெல்லாம் அசையவில்லை. லாபிர் உயிர் விட்ட கட்டிலுக்கு நேர் மேலே ஐந்து. மறுநாள் ஒன்பது.

கைரியாவின் நானா, அவளுக்கு மூத்த சகோதரர் றவூப், கண்டி டவுனிலிருந்து வந்தார்.

"புள்ளட கையெல்லாம் செவந்து ஈக்குது நானா. எனக்குப் பயமா ஈக்குது. என்ன இங்கேந்து கூட்டிட்டுப் போங்க."

குழந்தையை மட்டும் கொண்டு போக முடியாது. அது தாய்ப்பால் தவிர வேறெதையும் வாயில் வைக்காது. றவூப் பள்ளிவாசல் ஹலீம் லெப்பையிடம் அனுமதி கேட்டுப் போனார். லெப்பை மென்மையான மனிதர். யார் கேட்டாலும் தலையாட்டுவார், கழுத்தை மட்டும் கொடுக்க மாட்டார்.

"உசிருக்கு ஆபத்துண்டா வேற ஊட்டுக்கு மாறலாம் தம்பி, மார்க்கத்துல எடம் ஈக்குது. ஆனா ஆபத்தா இல்லையாண்டு நான் எப்படிச் சொல்ற? பூச்சி தெரிஞ்சவர் சொல்லட்டும். கடிக்கிற பூச்சிண்டா நாளைக்கே கூட்டிட்டுப் போங்க."

இப்படித்தான் ஒரு தாயும் பிள்ளையும் தாஸிம் மாஸ்டரின் கைக்கு வந்து சேர்ந்தார்கள். கை என்பது இங்கே அலங்காரமல்ல.

அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பிறகு இத்தா வீட்டில் அந்நிய ஆண் நிற்பது அழகல்ல. ஆகவே மாஸ்டர் காலை பத்து மணிக்கு, கோட்டும் துருக்கித் தொப்பியுமாக வந்தார். அறைக்குள் நுழைவதும் அழகல்ல. ஆகவே கதவுத் திரைக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்து, கோட்டைக் கழற்றி, வலது சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, வெறும் கையைத் திரைக்கு உள்ளே நீட்டினார். கைரியா குழந்தையோடு குசினியில் ஒதுங்கினாள். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்வரை அந்தக் கை அறைக்குள் தனியாக நின்றது. ஹபீலா எட்டிப் பார்த்தபோது, அது யாரிடமோ எதையோ கேட்டு நிற்கும் கையைப் போலிருந்தது.

பூச்சிகள் அசையவில்லை.

"ரெண்டு மணித்தியாலம்! ஒரு கடி? பாருங்க றவூப், பாருங்க!" கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார் மாஸ்டர். "இது காட்டுப் பூச்சி. சாது."

"அப்ப புள்ளட கைல ஈக்கிறது?"

"வேர்க்குரு."

"ராவைக்குக் கடிச்சா?"

"பகல்ல ஒரு குணம், ராவைக்கு ஒரு குணமா? பூச்சி என்ன மனிசனா தம்பி?"

றவூப் தனியாகக் கண்டிக்குப் பஸ் ஏறினார். அறிவித்தல் கதவில் ஏறியது.

விஷயம் அதோடு நின்றிருந்தால், கைரியா பழையபடி அந்தி சாயும் முன்னே தேங்காய்ப் பொச்சைப் புகைய வைத்து, குழந்தையைத் தலைவரை மூடிக்கொண்டு இருந்திருப்பாள். நிற்கவில்லை. கடிக்காத பூச்சி, பழம் தின்னாத பூச்சி, விளக்கிலும் விழாத பூச்சி, மவுத்தான கட்டிலுக்கு மேலே எதற்காக வந்து நிற்கிறது என்று ஊர் யோசித்தது. ஊர் யோசிக்கத் தொடங்கினால் என்ன நடக்குமென்று எனக்குத் தெரியும்.

"மச்சி," என்றாள் ஹபீலா அண்ணியிடம், ஒரு மஃரிப் நேரம் விளக்கை ஏற்றிக்கொண்டே. "சத்தம் கேக்குதா?"

கேட்டது. காதோரம் மெல்லிய, ஒரே சீரான முனகல்.

"லாபிர் நானா கடையடச்சி வரக்குள்ள வாய மூடிட்டு இப்படித்தானே முனகிட்டு வருவார்? ஒழுங்கையில திரும்பக்குள்ளயே எங்களுக்குத் தெரியும்."

"சும்மா இரிங்க ஹபீலா."

"கடிக்காத ஒண்டு உங்கட காதுல வந்து என்னத்துக்கு மச்சி பேசுற? புள்ளயப் பார்க்க வாறார். நீங்க பொகையப் போட்டு வெரட்டுறீங்க."

கைரியா அன்று புகையைப் போட்டாள். மறுநாளும் போட்டாள். புகைக்கு அப்பால் அது சுவரோரம் முனகிக்கொண்டே நின்றது. உள்ளே வரக் கூச்சப்படுகிறவரைப் போல. மூன்றாம் நாள் அவள் பொச்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு முற்றத்தில் எறிந்துவிட்டாள்.

நாலாம் நாள் முனகல் வலது காதுக்கு வந்தபோது, தலையைத் திருப்பாமல், "இண்டைக்கு வரச் சொணங்கிட்டீங்க," என்றாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பயமில்லை. ஹபீலாவுக்குத்தான் பயம் வந்தது. கைரியா ஒவ்வொரு அந்தியிலும் பஹ்மியைக் குளிப்பாட்டி, கட்டிலில் கிடத்தி, போர்வையை இடுப்புவரை இறக்கி, சட்டையையும் கழற்றி, விளக்கைச் சின்னதாக்கி, "பாருங்க," என்பாள். சுவர் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். குழந்தை கைகளை ஆட்டும்; சில நேரம் சிரிக்கும். அவள் தன் கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி இருப்பாள். கையில் ஊசிமுனையாய் ஏதோ படும். அதையும் அவள் தட்டவில்லை.

நோன்பு பிறந்து நாலாம் நாள் குழந்தைக்கு நடுக்கம் வந்தது. ஆறாம் நாள் கொஞ்சம் தெளிந்து பால் குடித்தது. எட்டாம் நாள் பிற்பகல், அசர் தொழுகைக்கு முன்னே, மூச்சு அடங்கிவிட்டது. அந்த வாரம் ஊரில் பதினேழு ஜனாஸா. இத்தா இருப்பவள் என்பதால் குழந்தையின் ஜனாஸாவோடு கைரியா வாசல்படி வரைதான் வந்தாள்.

ஐந்து நாள் கழித்து, காய்ச்சலுக்கான கொயினா மாத்திரைப் பெட்டியோடு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நித்திரை இல்லாத கண். வழிகாட்டியாகத் தாஸிம் மாஸ்டர் முன்னே நடந்து வந்தார். தன் பரீட்சையை வழியெல்லாம் விளக்கி முடித்திருந்தார்.

ஹபீலா சுவரிலிருந்து ஒன்றைக் கண்ணாடிக் கிளாஸில் பிடித்து வந்து கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கினார். வயிறு சிவப்பாய் உப்பியிருந்தது.

"நீங்கள் எத்தனை மணிக்குக் கையை வைச்சனீங்கள்?"

"காலைல பத்துக்கு," என்றார் மாஸ்டர். "ரெண்டு மணித்தியாலம்!"

"இது பகலிலை நித்திரை கொள்ளும். பொழுதுபட்டாப் பிறகுதான் கடிக்கும். காய்ச்சலைக் கொண்டு திரியிற நுளம்பு இதுதான்."

மாஸ்டர் சட்டைக் கையைக் கீழே இறக்கிப் பொத்தானைப் போட்டார். அதுவரை அதைச் சுருட்டியே வைத்திருந்தார் என்பதை அப்போதுதான் எல்லோரும் கண்டார்கள்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஐயா. அது கடிக்கிற இல்ல. அது அவர்."

இன்ஸ்பெக்டருக்கு விளங்கவில்லை. ஹபீலா நிலத்தைப் பார்த்துக்கொண்டு விளக்கினாள்: மவுத்தான நானா, அந்தி முனகல், பிள்ளையைப் பார்க்க வருவது. அவர் முழுவதையும் கேட்டார். அன்று காலையிலிருந்து முப்பத்தெட்டு வீடு பார்த்திருந்தார். ஆறுதல் சொல்லும் பழக்கம் பன்னிரண்டாம் வீட்டோடு தீர்ந்திருந்தது. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, கிளாஸில் இருந்ததைத் திரும்பவும் பார்த்தார்.

"இந்தச் சாதியிலை ஆண் மனுசரைக் கடிக்காது, அம்மா," என்றார். "இது பெட்டை."